காருக்கு முன்னால் போட்ட புல் கார்டு: மூன்று வருஷம் வைத்திருந்து கழற்றிய பிறகு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மதிப்பெண் 5-க்கு 1. அந்த ஒன்றும் வெல்டிங் வேலை சுத்தமாக இருந்ததற்குத்தான். 2021 கடைசியில் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்று வாங்கினோம், முன்சீட் இரண்டுக்கும் ஏர்பேக் (மோதினால் விரிகிற காற்றுப்பை) உண்டு. வாங்கிய மூன்றாவது வாரமே தஞ்சாவூரில் கார் சாமான் விற்கிற ஒரு கடையில் 8,500 ரூபாய் கொடுத்து எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) புல் கார்டு, அதாவது பம்பருக்கு முன்னால் மாட்டுகிற கம்பி, போட்டேன். 2024 ஐப்பசியில் ஒரு அடி பட்டது. அதன் பிறகு கழற்றிவிட்டேன். இடையில் படித்தது, விசாரித்தது, சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன், ஏனென்றால் நம் மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் பக்கம் ரோட்டில் நின்று பார்த்தால் வீட்டுக் காரிலும் டிராவல்ஸ் வண்டியிலும் இந்தக் கம்பி இன்னும் எத்தனையோ தொங்குகிறது, அதைப் போட்டவர்கள் எல்லாரும் என்னைப் போலவே குடும்பத்தின் பாதுகாப்புக்கு என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

நான் ஏன் போட்டேன் என்றால், காரணம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மழைக்காலம் வந்தால் வயல் எல்லாம் ஈரம், மாடு காய்ந்த இடம் தேடித் தார் ரோட்டில் வந்து படுத்துக்கொள்ளும். அறுவடை சமயத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் பின்லைட் இல்லாத வைக்கோல் டிராக்டர் போகும். ஆற்றங்கரை ரோட்டில் எதிரே பஸ் வந்தால் ஒதுங்க இடமிருக்காது, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் புளியமரம். முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்தினால் திரும்பி வரும்போது எங்காவது ஒரு கீறல் இருக்கும். அப்பா வேறு, "முன்னாடி ஒரு கம்பி போட்டுருப்பா, அந்தக் காலத்துல ஜீப்ல எல்லாம் இருக்கும்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் தவறு இல்லை. அவர் பார்த்த ஜீப்பில் ஏர்பேக் கிடையாது, நொறுங்குவதற்கென்றே செய்த முன்பக்கமும் கிடையாது. நம் நாட்டில் ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம் ஆனதே 2019 ஜூலை 1-இல்தான், பக்கத்து சீட்டுக்கு 2021 ஏப்ரலில் புது மாடல்களுக்கு மட்டும் வந்து அப்புறம்தான் மற்ற மாடல்களுக்கும் வந்தது. கம்பி போடுகிற பழக்கம் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது, இன்றைய காரில் அதை அப்படியே கொண்டுவந்து மாட்டுகிறோம்.

பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு அங்குல பைப், மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் வளைவு, இரு பக்கமும் இரும்புப் பட்டையில் ஆன பிராக்கெட். எஸ்.எஸ். 304 என்று சொல்லித்தான் விற்றார்கள், ஆனால் இரண்டாவது மழைக்காலத்திலேயே, அடிக்கடி வேளாங்கண்ணி, நாகப்பட்டினம் போய் வந்ததாலோ என்னவோ, வெல்டிங் போட்ட இடமெல்லாம் பழுப்பேறிவிட்டது. கழற்றிய பிறகு வீட்டில் நெல் எடை போடும் தராசில் வைத்துப் பார்த்தேன், 19 கிலோ. கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ, கிட்டத்தட்ட அதில் பாதியை மூன்று வருஷமாகக் காரின் மூக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். மேடு பள்ளத்தில் கடகடவென்று சத்தம், மேல் பைப்பின் நிழல் ஹெட்லைட் வெளிச்சத்தில் குறுக்கே விழும். இதெல்லாம் சின்னக் குறை. நன்மை என்றால், மண்டபத்து வாசலில் ஒரு தடவை பைக் ஒன்று சாய்ந்து விழுந்தபோது பம்பரில் கீறல் படவில்லை, நம்பர் பிளேட் வளையாமல் இருந்தது. நேர்மையாக யோசித்தால் மூன்று வருஷத்தில் அந்தக் கம்பி எனக்குச் செய்த உதவி இவ்வளவுதான்.

மாட்டியது நாற்பது நிமிஷ வேலை. பம்பருக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் ஜாலியைக் கழற்றி, சேஸிஸ் (காரின் அடிச்சட்டம்) முனையில் இருந்த போல்ட்டுகளை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையிலேயே பிராக்கெட்டை வைத்து நீளமான போல்ட் போட்டு முறுக்கினார்கள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவன், ஒரு சந்தேகம் வந்து கேட்டேன்: "அண்ணே, இதுல ஏர்பேக் இருக்கு, இதைப் போட்டா அதுக்கு ஏதும் ஆகாதுல்ல?" கடைக்காரர் நல்ல மனிதர், என்னை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் சொன்னார் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி, சென்சார் உள்ள இருக்கு, இது வெளிய இருக்கு. ஊர்ல பாதி வண்டிக்கு நான்தான் போட்டுருக்கேன்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். எந்தக் கம்பெனிக் கம்பி, யார் செய்தது, எந்த மாடலுக்குச் செய்தது, எங்காவது மோதிப் பார்த்திருக்கிறார்களா, இதில் ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. பில்லும் வாங்கவில்லை.

ஐப்பசி மழை, இரவு ஒன்பதரை மணி இருக்கும். கும்பகோணத்தில் ஒரு வரவேற்பு முடிந்து வலங்கைமான் தாண்டி நீடாமங்கலம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். முன்னால் நானும் அப்பாவும், பின்னால் அம்மா, மனைவி, மகள். வளைவு திரும்பியதும் ரோட்டில் படுத்திருந்த மாடு ஒன்று வெளிச்சம் பட்டு எழுந்தது. பிரேக் அடித்து இடப்பக்கம் ஒடித்தேன், மாடு தப்பியது, வண்டி போய் மதகுக் கட்டையில் இடது மூலை பட மோதி நின்றது. மோதும்போது 30-க்குள்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த அடி, அதை எப்படிச் சொல்வது, மோதி அமுங்கி நின்ற மாதிரி இல்லை, கல்லில் கடப்பாரை இறங்கினால் கையில் ஏறுமே அந்த அதிர்ச்சி உடம்பு முழுக்க ஏறியது. முன்சீட் இருவரும் பெல்ட் போட்டிருந்தோம். அப்பாவுக்கு நெஞ்சில் பெல்ட் பட்ட இடம் ஒரு மாதம் வலித்தது. பின்னால் பெல்ட் போடாமல் இருந்த மனைவிக்கு மணிக்கட்டு பிசகியது. மகள் அம்மா மடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், முன்சீட்டின் பின்பக்கம் மோதி உதடு கிழிந்தது. ஏர்பேக் விரியவில்லை.

விரியாததை வைத்து "பார்த்தீர்களா, கம்பி போட்டால் ஏர்பேக் வேலை செய்யாது" என்று எழுதுவது எளிது, வாட்ஸாப்பில் அப்படித்தான் படம் போட்டு வருகிறது. நான் அப்படி எழுதப் போவதில்லை, ஏனென்றால் அது உண்மை இல்லை. சர்வீஸ் சென்டரில் பாடி வேலை பார்க்கும் சூப்பர்வைசர் ஒருவர், வயதானவர், பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார்: "சார், இந்த வேகத்துக்கு விரியாம இருந்தா அது தப்புன்னு நான் சொல்லமாட்டேன். பெல்ட் போட்டுருந்தீங்க, ஓரமா மோதியிருக்கு, விரிய வேண்டாம்னு அது சரியாவே முடிவு பண்ணியிருக்கலாம். ஆனா இந்தக் கம்பி இருக்கும்போது அது சரியா முடிவு பண்ணுச்சா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வண்டி செஞ்ச கம்பெனிக்கும் தெரியாது. ஏன்னா இப்படி ஒரு வண்டியை யாரும் மோதிப் பார்க்கல." இந்த ஒரு பேச்சுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நான் வாங்கியது சோதித்துப் பார்த்த கார். 8,500 ரூபாய் கொடுத்து அதை யாரும் சோதிக்காத காராக மாற்றியவன் நான்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள ஏர்பேக் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிய வேண்டும். "பம்பரில் ஒரு பட்டன் இருக்கும், அது அமுங்கினால் பை விரியும்" என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய, நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் பெரும்பாலான கார்களில் கியர் லீவருக்கு முன்னால், டேஷ்போர்டுக்குக் கீழே நடுவில், ஒரு சின்னக் கணினிப் பெட்டி இருக்கிறது. கார் எவ்வளவு சடாரென்று வேகம் குறைகிறது என்பதை அது அளந்துகொண்டே இருக்கும். பல மாடல்களில் இதோடு முன்னால் ரேடியேட்டர் சட்டத்திலோ சேஸிஸ் முனையிலோ ஒன்றிரண்டு சென்சார் கூடுதலாக இருக்கும், அடி வருவதை முந்திச் சொல்வதற்காக. மோதிய நொடியிலிருந்து 15 முதல் 30 மில்லிசெகண்டுக்குள் விரிக்கலாமா வேண்டாமா என்று முடிவாகிவிட வேண்டும். அடுத்த 30 மில்லிசெகண்ட் அளவில் பை முழுசாக விரிந்திருக்க வேண்டும். நாம் ஒரு தடவை கண் சிமிட்டவே 100 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணினி வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை, அடி எப்படி ஏறுகிறது என்ற வடிவத்தைப் பார்க்கிறது. முதலில் பம்பர் பிளாஸ்டிக், அதன் பின்னால் நுரை, அப்புறம் ஒரு குறுக்குக் கம்பி, அதற்கும் சேஸிஸுக்கும் நடுவில் கிராஷ் பாக்ஸ் என்று இரண்டு சின்னத் தகரப் பெட்டி, பிறகு சேஸிஸ். இந்த வரிசையில் ஒவ்வொன்றும் எத்தனை மில்லிசெகண்டில் எவ்வளவு நொறுங்கும் என்று தெரிந்துதான் அந்தக் கணினிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கல்லில் சக்கரம் ஏறினால் இப்படி இருக்கும், மாடு இடித்தால் இப்படி, மரத்தில் மோதினால் இப்படி என்று அதற்குத் தெரியும். முன்னால் 19 கிலோ கம்பியைக் கொண்டுபோய் நேராக சேஸிஸில் பூட்டினால் அந்தப் பிளாஸ்டிக், நுரை, தகரப் பெட்டி எதுவும் வேலை செய்வதற்கு முன்னாலேயே அடி சேஸிஸுக்குப் போய்விடும். அது படித்த பாடத்தில் இந்த அடி இல்லை.

அதனால் இரண்டு விதமாகவும் கெடலாம், இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒன்று, சின்ன அடி பெரிய அடி மாதிரித் தெரிந்து, தேவையில்லாத இடத்தில் பை விரிவது. சாதாரணமாகக் கெட்டியான சுவரில் நேராக மோதினால் 13 முதல் 22 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விரிகிற மாதிரிதான் பொதுவாக அமைத்திருப்பார்கள், பெல்ட் போட்டிருப்பதை அறிகிற கார்களில் இன்னும் கொஞ்சம் மேலே. அதற்குக் குறைந்த அடியில் பெல்ட்டே போதும் என்பதால்தான் இந்த அளவு. பை மெத்தை மாதிரி மெதுவாக விரிவதில்லை, வெடித்து மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வருகிறது, ஸ்டீயரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவில் 25 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வேண்டாத இடத்தில் அது விரிந்தால் முகத்தில் காயம், ஓட்டுபவருக்குத் திகைப்பு, அப்புறம் பை, டேஷ்போர்டு, பெல்ட் என்று மாற்றுகிற செலவு.

இன்னொன்று இதைவிட மோசம். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் மெல்லிய பிராக்கெட்டும் முதலில் வளைந்து மடங்குகிற நேரத்தில் கணினிக்குச் சரியான சேதி போகாமல், அதன் பிறகு சேஸிஸில் இடிக்கும்போதுதான் விழித்துக்கொள்வது. பத்து மில்லிசெகண்ட் தாமதம் என்றால் என்ன பெரிய தாமதம் என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தில் உங்கள் தலை முன்னால் போய்விட்டிருக்கும். விரிந்து முடிந்த பையில் போய்ச் சாய்வது வேறு, விரிந்துகொண்டிருக்கிற பை முகத்தில் வந்து அறைவது வேறு.

கெட்டியான கம்பி என்றால் கெட்டியான பாதுகாப்பு என்ற எண்ணமும் இதோடு சேர்ந்து போக வேண்டியதுதான். சின்ன வயதில் மதகில் ஏறி ஆற்று மணலில் குதித்தவர்களுக்கு இது தெரியும். அதே உயரத்திலிருந்து சிமெண்ட் படியில் குதித்துப் பார்த்தால் கால் என்ன ஆகும். மணல் நமக்காக அமுங்கிக் கொடுக்கிறது, நின்று முடிய இன்னும் கொஞ்சம் நேரம் தருகிறது. காரின் முன்பக்கம் நமக்கு அந்த மணல். பேலா பரேனி என்ற பொறியாளர் மெர்சிடிஸ் கம்பெனியில் இருந்தபோது இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றது 1952-இல், அது முழுசாகக் காராக வந்தது 1959-இல். முன்னும் பின்னும் நொறுங்க வேண்டும், நடுவில் ஆள் இருக்கும் கூடு நொறுங்கக் கூடாது என்பதுதான் அந்த யோசனை. நாம் காசு கொடுத்து மணல் மேல் சிமெண்ட் பலகையைப் போட்டு மூடுகிறோம்.

என் காரில் இது கண்ணுக்குத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தபோது கம்பி ஒரு பக்கம் லேசாகத்தான் வளைந்திருந்தது, பம்பர் பிளாஸ்டிக் ஏறக்குறைய முழுசாக இருந்தது, வெளியிலிருந்து பார்த்தால் "நல்ல வேளை, கார்டு காப்பாத்துச்சு" என்றுதான் யாரும் சொல்வார்கள், ரோட்டில் கூடியவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் உள்ளே பிராக்கெட் பூட்டியிருந்த இடத்தில் இடது சேஸிஸ் முனையே திருகிப் போயிருந்தது, அதற்கு முன்னால் நொறுங்க வேண்டிய கிராஷ் பாக்ஸ் நசுங்கவே இல்லை. சுமார் 15 கிலோமீட்டர் வேகம் வரையிலான சின்ன மோதலில் சேஸிஸுக்குச் சேதம் போகாமல், போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம் என்பதற்காகவே இருக்கிற பெட்டி அது. சேஸிஸை பெஞ்சில் ஏற்றி இழுத்து நிமிர்த்தி, ரேடியேட்டர் சட்டம் மாற்றி, எல்லாமாக 61,000 ரூபாய். இன்சூரன்ஸ் சர்வேயர் கம்பியைப் படம் எடுத்துக்கொண்டு, இது பாலிசியில் இல்லையே, கம்பெனி போட்டதா நீங்கள் போட்டதா என்று கேட்டார். பணம் வந்தது, ஆனால் ஏழு வாரம் ஆனது, முழுசாகவும் வரவில்லை. போல்ட் மாற்றும்போது சென்சார் ஒயர் ஒன்று பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவில் நசுங்கிக் கிடந்ததையும் அப்போதுதான் பார்த்தார்கள். அறுந்திருக்கவில்லை. மூன்று வருஷமாக அப்படியே இருந்திருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும், எனக்கும் என் மச்சான் கேட்டான்: "அப்புறம் ஏன் மாமா ஆஸ்திரேலியாவுல எல்லா வண்டியிலயும் இருக்கு?" நியாயமான கேள்வி. அங்கே கங்காரு குறுக்கே பாயும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஊரே இருக்காது, ரேடியேட்டர் உடைந்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் போடுகிறார்கள். ஆனால் அங்கே இதற்கென்றே ஏ.எஸ். 4876.1 என்று 2002-இல் வந்த தரநிலை இருக்கிறது, ஏர்பேக் உள்ள வண்டியில் போடும் கம்பி அந்த ஏர்பேக்கின் வேலையைக் கெடுக்கக் கூடாது. 1975-இலிருந்து இதே தொழிலில் இருக்கிற ஏ.ஆர்.பி. மாதிரி கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் செய்கின்றன, பிராக்கெட்டே அளவோடு நசுங்கி, கார் முன்பக்கம் எப்படி நொறுங்குமோ அதே மாதிரி அடியை உள்ளே அனுப்புகிற விதமாக. அதன் விலையும் நம் ஊர்க் கம்பியின் விலையும் பக்கத்தில் வைக்கக் கூட முடியாது. ஐரோப்பாவில் நடந்து போகிறவர்களை நினைத்து 2005-லேயே தனி உத்தரவு கொண்டுவந்து, சோதனையில் தேறாத கெட்டிக் கம்பிகளை விற்கவே விடாமல் செய்துவிட்டார்கள். ஆக, கம்பி என்றாலே பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காருக்கென்று செய்து, மோதிப் பார்த்து, தாளில் எழுதிக் கொடுத்த கம்பி வேறு பொருள். நம் கடைகளில் தொங்குவது பைப்பை வளைத்து வெல்டிங் அடித்து, எந்த மாடலுக்கும் பிராக்கெட்டை மட்டும் மாற்றிப் பொருத்துகிற பொருள். இப்போது சில கடைகளில் "ஏர்பேக் சேஃப்" என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பதைப் பார்த்தேன். எந்த மாடல் காரில், எந்த வேகத்தில், எங்கே சோதித்தது என்று கேளுங்கள், தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

நம் நாட்டுச் சோதனையே எடுத்துக்கொண்டால், கார் விற்பனைக்கு வர ஏ.ஐ.எஸ். 098 என்ற விதிப்படி 56 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தில் 40 சதவீதம் படும்படி மோதிப் பார்க்கிறார்கள். 2023 அக்டோபர் 1-இல் தொடங்கிய பாரத் என்.கேப் என்ற பாதுகாப்புச் சோதனையில் 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதி ஸ்டார் கொடுக்கிறார்கள். ஐந்து ஸ்டார் கார் என்று பார்த்து, லட்சக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்கிவிட்டு, அடுத்த வாரம் இந்தக் கம்பியைப் போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர் இருக்கிறார்கள். அந்த ஸ்டார் கம்பி இல்லாத காருக்குக் கொடுத்தது. காரோடு வரும் கையேட்டை எடுத்துப் பாருங்கள், ஏர்பேக் பற்றிய பக்கங்களில் முன்பக்கத்தில் கம்பி மாதிரி எதையும் மாட்டாதீர்கள், சென்சாரின் வேலை கெடும் என்று எழுதியிருக்கும். என்னுடையதில் இருந்தது. நான் படித்தது மோதிய பிறகு.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பர் 7-ஆம் தேதி எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது, இந்தக் கம்பி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுக்கு விரோதம், நடவடிக்கை எடுங்கள் என்று. கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு வண்டியை அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் பக்கம் சில நாள் பிடிப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள், அதனால் யாரும் பயப்படுவதில்லை. எனக்கும் அபராதத்துக்காகக் கழற்றத் தோன்றவில்லை.

கழற்றத் தோன்றியது வேறு ஒரு நாள். வண்டி சர்வீஸிலிருந்து வந்துவிட்டது, கம்பியையும் நிமிர்த்தி டிக்கியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள், திரும்ப மாட்டலாமா வேண்டாமா என்று எனக்கே இன்னும் தீர்மானம் இல்லை. அளவு பார்க்க அதைக் காருக்கு முன்னால் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மகன், ஒன்றாம் வகுப்புப் படிக்கிறான், ஓடி வந்து அந்தப் பக்கம் நின்றான். மேல் பைப் சரியாக அவன் நெஞ்சுக்கும் கழுத்துக்கும் நடுவில் இருந்தது. கம்பி இல்லாத காரில் அந்த இடத்தில் வளைந்து கொடுக்கிற பிளாஸ்டிக்கும் பானட்டும் இருக்கும், நடந்து போகிறவர் மேல் பட்டாலும் காலிலும் தலையிலும் அடி குறைய வேண்டும் என்று அதற்கும் நம் நாட்டில் ஏ.ஐ.எஸ். 100 என்று தனி விதி இருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் ரோட்டில் யார் போகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டுச் சைக்கிளில் வருகிற பிள்ளைகள், நடவு முடித்துச் சேறு காய்ந்த காலோடு ஓரமாக வரிசையாக நடந்து வருகிற பெண்கள், நெல்லைத் திரட்டிக்கொண்டிருப்பவர்கள். இவர்களுக்கு முன்னால்தான் அந்தக் கம்பியை மூன்று வருஷம் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்கே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

கடைக்காரரையும் போய்ப் பார்த்தேன். சண்டை போட இல்லை, அவர் இன்னும் பத்துப் பேருக்கு மாட்டுவார், தெரிய வேண்டும் என்றுதான். நசுங்கிய ஒயரின் படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "நான் போடலன்னா அடுத்த கடையில போட்டுக்குவாங்க தம்பி, கேட்கிறவங்களுக்கு என்ன சொல்றது" என்றார். அவருக்கும் பிழைப்பு, எனக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை. கேட்கிறவரிடம் "இது உங்க ஏர்பேக்கோட சோதிக்கல" என்ற ஒரு வாக்கியத்தையாவது சொல்லிவிட்டு விற்கலாம். அதைச் சொல்லியிருந்தால் அன்று நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இப்போது மாட்டுக்கும் இருட்டுக்கும் என்ன செய்கிறேன் என்றால், முதல் வேலையாக ஹெட்லைட்டை உயரம் சரி பார்த்து வைத்தேன், கம்பி போன பிறகு ரோடே அகலமாகத் தெரிகிறது. மழைக்கால இரவில் வலங்கைமான் ரோட்டில் 50-ஐத் தாண்டுவதில்லை. பின்சீட்டிலும் பெல்ட் போடாமல் வண்டி நகராது, அம்மா முதலில் முணுமுணுத்தார், இப்போது அவரே மகளுக்குப் போட்டுவிடுகிறார். மண்டபத்து வாசல் கீறலுக்கு பம்பர் மூலையில் ஒட்டுகிற ரப்பர் பட்டை 250 ரூபாய். எங்கள் டிராக்டர் டிரெய்லர் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டினேன், மீதம் இருந்ததைத் தெருவில் இன்னும் மூன்று டிரெய்லருக்கு ஒட்டினோம்.

கழற்ற நினைப்பவர்களுக்குச் சில விவரம். 300 ரூபாய் கேட்பார்கள், அரை மணி வேலை. மாட்டிய கடையில் கழற்றுவதைவிட சர்வீஸ் சென்டரில் கழற்றுவது நல்லது, முன்னால் இருக்கிற சென்சாரையும் ஒயரையும் அப்போதே பார்த்துவிடலாம். சேஸிஸ் முனையில் முதலில் இருந்த சின்ன போல்ட்டுகளைக் கடையில் பெரும்பாலும் தூக்கிப் போட்டிருப்பார்கள், அதே அளவில் புதுசு கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள், நீள போல்ட்டை வாஷர் வைத்து முறுக்கிவிட விடாதீர்கள். முடிந்ததும் சாவியைப் போட்டுப் பாருங்கள், மீட்டரில் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், எரிந்து அணையாமல் நின்றாலும், வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள். மச்சான் வண்டிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறோம், அவனுடையதில் பிராக்கெட்டை சேஸிஸோடு சேர்த்து வெல்டிங்கே அடித்துவிட்டார்களாம், அதை அறுத்து எடுக்க எவ்வளவு ஆகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.